புரோபயாடிக் மாத்திரை எச்பிவியைப் போக்குமா?

மேலூர் தங்கச்சிக்கு, எச்பிவி (உடலுறவு வழியாகப் பரவும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ், பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல் பரிசோதனை) நார்மல், மருந்துக்கடையில் கொடுத்த புரோபயாடிக் (நல்ல கிருமி அடங்கிய மாத்திரை) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதும்மா. பிறப்புறுப்பில் இருக்கும் லாக்டோபாசிலஸ் என்ற நல்ல கிருமி, தயிரை உறைய வைக்கும் கிருமிகளின் சொந்தம்தான். லாக்டிக் அமிலம் சுரந்து பிஎச் அளவை (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 4.5-க்குக் கீழே வைக்கும். இந்த லாக்டோபாசிலஸ் குறைந்தவர்களிடம் எச்பிவி கூடுதலாக நீடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை விழுங்கினால் வைரஸ் போய்விடும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. பெரும்பாலும் 2 வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும்.

ரிப்போர்ட்டில் 16, 18 என்ற வகை எண் (புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள எச்பிவி வகைகள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை). பெரியாஸ்பத்திரி மகளிர் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் 12 மாதத்தில் மறு பரிசோதனை.

அப்புறம், உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவதை இன்றே விடுங்கள், நல்ல கிருமியும் போய்விடும். வீட்டுக்காரரையும் சந்தேகப்பட வேண்டாம். பல வருடம் முன்பு வந்த தொற்றுகூட இப்போது தெரியலாம்.