அந்தத் தொப்பி பீரோவிலேயே இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

காவலர் வீரவணக்க நாள் வரும் அக்டோபர் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணியில் இருக்கும்போது உயிரை விட்ட காவலர்களைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் அப்பா எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்). மூன்று வருடத்துக்கு முன்னால் இரவு வாகனச் சோதனையில் நிற்காமல் போன வண்டியை மறித்தபோது மோதி இறந்துவிட்டார். ஒவ்வொரு அக்டோபர் 21 அன்றும் எங்களை அழைத்துச் சால்வை போடுகிறார்கள். இந்த வருடம் அப்பாவின் தொப்பியையும் பெல்ட்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்கிறார்கள். அம்மா தர மாட்டேன் என்கிறார். நாங்கள் செய்வது சரியா?
— ஒரு மகள்

பதில்: தர வேண்டாம்மா. கேட்டவர்கள் மேல் கோபமும் வேண்டாம், அவர்கள் பிரியத்தில்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தொப்பியின் உள்பட்டையில் உங்கள் அப்பாவின் வியர்வைக் கறை இருக்கும், தலையெண்ணெய் வாசனைகூட இன்னும் லேசாக இருக்கலாம், அம்மா அதற்காகத்தான் அவ்வப்போது பீரோவைத் திறக்கிறாரோ என்னவோ, அதையெல்லாம் யாரிடமும் விளக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தொப்பி பீரோவிலேயே இருக்கட்டும். பெட்டியில் வைக்க ஒரு நல்ல படம் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஊர், எந்த வருடம் பணியில் சேர்ந்தார், எந்தெந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தார், எதில் கெட்டிக்காரர் என்று நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். அதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் போலீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ஆயுதப்படையில் ஏட்டு. எங்கள் லைனில் கடைசி வீட்டில் இருந்தவரை எல்லோரும் 1147 என்றுதான் சொல்வார்கள், ஆயுதப்படையில் பெயரைவிட நம்பர்தான் அதிகம் புழங்கும். ஒரு பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் கல்வீச்சில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். மறுநாள் பேப்பரில் வந்த பிறகுதான் அவருடைய முழுப் பெயரே எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அந்த வாரம் ஒருநாள் ரோல்காலில் யாரோ பழக்கத்தில் அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1147-ஐ நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். முண்டா பனியனோடு உட்கார்ந்து பெல்ட் பக்கிளை பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்ப்பார், எங்களுக்கும் ஆளுக்கொரு கிழிந்த துணி கொடுப்பார், தேய்த்து முடித்ததும் "மூஞ்சி தெரியுதா பாரு" என்று பக்கிளை எங்கள் முகத்துக்கு நேரே பிடிப்பார். மஞ்சளாய், கோணலாய் எங்கள் முகம் தெரியும். அவருடைய நினைவு நாளில் இதைச் சொல்ல யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. வீரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஆக வேண்டாம், அவர் வாழ்ந்ததைத் தெரிந்த நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

விழாவுக்குப் போவதும் போகாததும் அம்மா விருப்பம். ஒரு வருடம் போகாவிட்டால் எதுவும் குறைந்துவிடாது.

கேள்வி: ஏன் அக்டோபர் 21? அன்று என்ன நடந்தது? செப்டம்பரில் வேறு ஒரு காவலர் நாள் வருகிறதே?
— கல்லூரி மாணவர்

பதில்: 1959-ல் திபெத்தை ஒட்டிய நம் எல்லையைப் பெரும்பாலும் போலீஸ்தான் காத்தது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை என்று ஒன்று உருவானதே 1962-ல். லடாக்கில் சுமார் 16,000 அடி உயரத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலிருந்து அக்டோபர் 20 அன்று மூன்று குழுக்கள் ரோந்து கிளம்பின. இரண்டு திரும்பி வந்தன. இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு சுமைதூக்கியும் இருந்த மூன்றாவது குழு வரவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி சுமார் 20 பேரைக் கூட்டிக்கொண்டு தேடப் போனார். மலை மேலிருந்து சீனப் படை சுட்டது. இவர்கள் நின்றது மறைவே இல்லாத வெட்டவெளி. பத்துப் பேர் இறந்தார்கள், அவர்கள் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்தவர்கள். காயம்பட்ட சிலரைச் சீனர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர்களின் உடல்கள் நம் கைக்கு வந்தது நவம்பர் 13 அன்று, அதாவது மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரம் அவர்கள் வீடுகளில் எப்படிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

காணாமல் போன மூன்று பேரைத் தேடிப் போய் செத்தவர்கள் அவர்கள், எனக்கு இந்த நாளில் மனதைத் தொடுவதே அதுதான். 1960 ஜனவரியில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் இந்த நாளை நாடு முழுக்க அனுசரிப்பது என்று முடிவானது. இப்போதும் வருடா வருடம் பல மாநிலப் போலீஸ்காரர்கள் அடங்கிய ஒரு குழு அந்த மலைக்கே போய் அஞ்சலி செலுத்திவிட்டு வருகிறது. டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று தேசியக் காவலர் நினைவகம் திறந்தார்கள். 30 அடி உயரம், 238 டன் எடையில் ஒரே கருங்கல், பக்கத்துச் சுவரில் 1947-லிருந்து இறந்தவர்களின் பெயர்கள். திறந்த அன்று 34,844 பெயர்கள் இருந்தன, இப்போது 36 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

செப்டம்பர் 6 வேறு. 1859-ல் மெட்ராஸ் மாவட்ட போலீஸ் சட்டம் வந்த நாள் அது, 2025-ல் தமிழ்நாடு அரசு அதைக் காவலர் நாளாக அறிவித்தது. அது கொண்டாட்டம், இது அஞ்சலி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: துப்பாக்கிச் சண்டையில் இறந்தால் வீரமரணம் என்கிறார்கள். பந்தோபஸ்து முடிந்து வரும் வழியில் விபத்தில் இறந்தால் வெறும் மரணமா?
— ஓய்வுபெற்ற ஏட்டின் மனைவி

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் வலி புரிகிறது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, 'தியாகி' என்ற சொல் அதிகாரபூர்வமாக ராணுவத்துக்கும் கிடையாது, மத்தியப் போலீஸ் படைகளுக்கும் கிடையாது, மத்திய அரசே இதை நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆக இதெல்லாம் நாம் வைக்கிற பெயர்தான். அப்படியானால் கஞ்சத்தனம் எதற்கு? 36 மணி நேரம் தூங்காமல் நின்றுவிட்டு வேன் ஓட்டியவரும், 2020-ல் ஊரடங்கில் ரோட்டில் நின்று கொரோனாவை வாங்கிக்கொண்டு செத்த இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் வேலையில்தான் செத்தார்கள். என் கணக்கில் வித்தியாசம் இல்லை.

கேள்வி: எதிர் வீட்டுக் காவலர் கத்திக்குத்தில் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் மனைவியைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறேன்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: குனிந்துகொண்டு போகாதீர்கள், நின்று பாருங்கள், அதுவே பெரிது. 'பெருமைப்படுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், இரண்டு மாதத்தில் அதை நூறு பேரிடம் கேட்டிருப்பார். அவர் கணவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 'அண்ணன் அன்னைக்கு எங்க கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிட்டு வந்து குடுத்தாரே' என்று உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். அழுவார். அழட்டும், கூட உட்காருங்கள்.

அப்புறம் காரியமாக ஏதாவது செய்யுங்கள். முதல் பத்து நாள் வீடு நிறைய ஆள் இருக்கும், மந்திரி வருவார், அதிகாரிகள் வருவார்கள். அதற்குப் பிறகுதான் அலைச்சல். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியத்துக்குத் தாள்கள், பேங்க் கணக்கு மாற்றம், குவார்ட்டர்ஸில் இருந்தால் கொஞ்ச நாளில் அதைக் காலி செய்து வேறு வீடு பார்க்க வேண்டியது. கருணை அடிப்படையில் வேலை கேட்பதாக இருந்தால் இறந்த மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், துக்கத்தில் இந்தத் தேதியைத் தவறவிட்ட குடும்பத்தை எனக்கே தெரியும். 'நான் கூட வரட்டுமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்காமல், 'நாளைக்குப் பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ் போகலாம், நான் வண்டி எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: காவல் நிலையத்தில் அடித்தே கொன்ற சம்பவங்கள் நடக்கும் நாட்டில், போலீசுக்கு எதற்கு அஞ்சலி?
— சட்டக் கல்லூரி மாணவி

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். 2020-ல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் அடித்ததில் இறந்துபோனார்கள், அதை மறக்கச் சொல்லி யார் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் 2008 நவம்பர் 26 இரவு மும்பை கிர்காவ் சௌபாத்தியில் நின்ற துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டரையும் எனக்கு மறக்க முடியவில்லை. கையில் லத்தி மட்டும். மும்பைத் தாக்குதல் நடத்திய தீவிரவாதிகளில் ஒருவனான கசாப் நீட்டிய ஏ.கே.47-ன் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குண்டுகள் உடம்பில் பாய்ந்த பிறகும் விடவில்லை. அதனால்தான் கசாப் உயிரோடு பிடிபட்டான், வழக்கு நடந்தது, சதி எங்கே போடப்பட்டது என்று வெளியே வந்தது. அடுத்த வருடம் அவருக்கு அசோக சக்கரம் கொடுத்தார்கள், 2021-ல் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு சிலந்தி இனத்துக்கு 'இசியஸ் துக்காராமி' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

நம் ஊரிலேயே பாருங்கள், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் ஒன்பது பேர் போலீஸ்காரர்கள், காஞ்சிபுரம் எஸ்.பி. முகமது இக்பால் உட்பட. அந்த ஒன்பது பேரில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? சட்டம் படிக்கிற நீங்கள் சாத்தான்குளத்துக்கு நியாயம் கேளுங்கள், இந்த ஒன்பது பெயர்களையும் தேடிப் படியுங்கள். ஒன்றைச் செய்தால் இன்னொன்றை விட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர் சோதனைச்சாவடியில் ஒரு எஸ்.ஐ. கொல்லப்பட்டார். அதே இடத்தில் சிலை வைக்க இளைஞர்கள் விரும்புகிறோம்.
— ஊர் இளைஞர் மன்றம்

பதில்: சாலையில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் சிலை யோசனையை விடுங்கள். ஆனால் 'அதே இடத்தில்' என்று நினைத்தீர்களே, அது நல்ல எண்ணம். 1984 ஏப்ரல் 17 அன்று லண்டனில் லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து சுட்டதில் யுவோன் ஃபிளெச்சர் என்ற 25 வயதுப் பெண் காவலர் இறந்தார். அவருடைய தொப்பி பல நாள் அந்தத் தரையிலேயே கிடந்தது, அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த பிப்ரவரியில் அவர் விழுந்த இடத்திலேயே ஒரு சின்னக் கல் நட்டார்கள். அதற்காகத் தொடங்கிய அறக்கட்டளை, பிறகு மற்ற காவலர்கள் விழுந்த இடங்களிலும் அதே மாதிரி கல் வைத்துக்கொண்டு வந்தது. இடுப்பு உயரம்கூட இல்லாத கல்தான், போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

நீங்களும் சாவடிக் கட்டடத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு வைக்க மாவட்ட எஸ்.பி.யிடம் எழுதிக் கேளுங்கள். அதற்கு முன்னால் அவர் குடும்பத்திடம் கேளுங்கள். வேலைக்குப் போகிற வழியில் தினமும் அந்தக் கல்லைப் பார்க்க முடியாது என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். கல்வெட்டில் யார் திறந்துவைத்தார்கள் என்பதைவிட இறந்தவர் பெயர் பெரிதாக இருக்கட்டும், இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

கேள்வி: அக்டோபர் 21 அஞ்சலியைப் பொதுமக்கள் பார்க்கலாமா?
— பள்ளி ஆசிரியை

பதில்: டெல்லி நினைவகம் திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். நம் மாவட்டங்களில் ஆயுதப்படை மைதானத்தில் காலையில் நடக்கும், முன்கூட்டியே ஆயுதப்படை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, நாலைந்து பெரிய மாணவர்களோடு போங்கள், மொத்தப் பள்ளியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழல் முனையை இடது பூட்ஸின் மேல் ஊன்றி, கட்டையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து எல்லோரும் ஒன்றாகத் தலை குனிவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பியூகிள் ஊதும்போது யாரும் பேச வேண்டாம், போனை அணைத்துவிடுங்கள். முந்தைய செப்டம்பர் 1-லிருந்து இந்த ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்கப் பணியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். மணிப்பூரிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் நமக்குப் பழக்கமில்லாத பெயர்களெல்லாம் வரும், வாசிப்பவர் அங்கங்கே தடுமாறுவார், வெயில் ஏறிவிடும், பிள்ளைகள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். பாதியில் கிளம்பிவிடாதீர்கள் டீச்சர், முன்வரிசை நாற்காலியில் ஒரு குடும்பம் அவர்கள் வீட்டுப் பெயருக்காகக் காத்துக்கொண்டிருக்கும், அது கடைசியாகக்கூட வரலாம்.