ஹோல்கா 120என்: நடுப்பகுதியும் மங்கினால்

ஹோல்கா 120என் பிலிம் கேமராவில் எடுத்த படங்களில் மூலைகள் இருண்டு குழைவது போதாதென்று நடுப்பகுதியும் மங்குகிறது, கண்ணாடி லென்ஸ் மாடலுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

இந்தக் கேமராவில் இருப்பது 60 மி.மீ. ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லை (லென்ஸ்). அது பிம்பத்தைக் கிண்ணம்போல் வளைவாகக் குவிக்கும், பிலிமோ தட்டை. நடு கூர்மையானால் ஓரம் குழையத்தான் செய்யும். கண்ணாடியிலும் ஒற்றை வில்லை என்றால் இதே கதைதான். ஆனால் நடுவே மங்கினால் அது லென்ஸின் குணமில்லை, பழுது.

முதலில் லென்ஸுக்கு அடியில் உள்ள என்/பி விசையைப் பாருங்கள் (என் என்றால் வழக்கமான நிலை, பி என்றால் அழுத்தும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை). பையில் உரசி பி-க்கு நகர்ந்திருந்தால், சுமார் 1/100 நொடியில் மூட வேண்டிய ஷட்டர் விரலை எடுக்கும்வரை திறந்தே இருக்கும். விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். பாதிப் புகார்கள் இங்கேயே தீரும்!

இல்லையென்றால் பிலிம் இல்லாதபோது பின்மூடியைக் கழற்றி, பிலிம் படியும் விளிம்புகள்மேல் மங்கல் செலோடேப்பை இறுக்கி ஒட்டுங்கள். பி-யில் ஷட்டரை அழுத்திப் பிடித்தபடி, லென்ஸ் வளையத்தைத் திருப்பி, தூரத்துக் கட்டடத்தின் பிம்பத்தை டேப்பில் பாருங்கள். வளையத்தில் தூரக் காட்சிக்கான மலைக் குறிக்குச் சற்றுத் தள்ளிக் கூர்மை வந்தால், அந்த இடத்தில் வளையத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குறி சரியாகவே இருந்தால், பிலிம் தொய்ந்து வளைகிறது. புது ரோலுக்கு அடியில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு வையுங்கள். இறுக்கமாகச் சுற்றும், ஓரத்தில் ஒளியும் கசியாது.