வாவியில் நீந்தும் ஸ்பானியலின் காது: எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவியில் நீந்திவிட்டு வந்தால் உங்கள் ஸ்பானியல் நாய் தலையை உதறுகிறது, காதில் புளித்த மணம், கபில நிற அழுக்கு, தேங்காய் எண்ணெய் விட்டும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்ளே வளைகிறது. அதன்மேல் ஸ்பானியலின் கனமான, மயிரடர்ந்த காது மூடிபோல் விழுவதால் ஈரம் காயாது, பூஞ்சை பெருகும். எண்ணெய் அந்த ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கும்.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும். பழைய சொட்டுமருந்து மிச்சமிருந்தாலும் விடவேண்டாம். பூஞ்சையா பக்டீரியாவா என்று அழுக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் மருந்து வேறு.

புண் ஆறும்வரை நீச்சல் கூடாது. அதன்பின் ஒவ்வொரு நீச்சலுக்கும் பிறகு உடம்பை நல்ல தண்ணீரில் கழுவி, காதுமடலின் உட்புறத்தைத் துவாயால் ஒற்றுங்கள். நாய்களுக்கான காது கழுவும் திரவத்தைக் காதுக்குழாய் நிறைய விட்டு, காதின் அடியை அரை நிமிடம் பிசையுங்கள். அது உதறட்டும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சுக்குச்சி வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். காதின் கீழ்ப்பக்க மயிரைக் கட்டையாக வெட்டிவிட்டால் காற்றுப் படும்.

நீச்சலே இல்லாமலும் காதுத் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். இன்னொன்று, வாவியில் முதலை உண்டு. கண்ணா (கண்டல்) பற்றைக் கரையிலும் மாலை மங்கலிலும் தயவுசெய்து நாயை இறக்காதீர்கள்.