ரோமில் ஒரு பகல்: தனி வேனுக்கு 64,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். வயது 62, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அக்டோபரில் நானும் மனைவியும், என் அக்காவும் அத்தானும் பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவு கப்பல் பயணம் போகிறோம். மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், பால்மா என்று வழி. டிக்கெட், விமானம், விசா எல்லாம் கட்டியாகிவிட்டது. கரையில் இறங்கிச் செலவழிக்க எங்கள் இருவருக்குமாக 1,20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ரோமுக்காகக் கப்பல் ஒரு புதன்கிழமை சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் காலை 7 முதல் மாலை 6.30 வரை நிற்கும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா ஆளுக்கு 220 யூரோ. டிரைவரோடு தனி வேன், பத்து மணி நேரத்துக்கு, நால்வருக்கும் சேர்த்து 640 யூரோ. கைடு தனி, மூன்று மணி நேரத்துக்கு 210. அத்தானோ ரயில் போதும், இதெல்லாம் வீண் செலவு என்கிறார். அக்காவுக்கு முழங்கால் வலி, படி ஏறவே சிரமம். என்னை வளர்த்தது அக்காதான். அதனால் முழுச் செலவையும் நானே ஏற்க ஆசை. 5 லட்சம் எஃப்டி இருக்கிறது. அதை உடைக்கலாமா?

பதில்: எஃப்டியைத் தொட வேண்டாம். வேனை எடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்.

முதலில் தூரம். கப்பல் அட்டவணையில் ரோம் என்று போட்டிருந்தாலும் நீங்கள் இறங்கப்போவது ரோமில் இல்லை. சிவிட்டாவெக்கியா, டிராஜன் பேரரசர் காலத்தில் கட்டிய துறைமுகம். அங்கிருந்து ரோம் சாலை வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். மதுரையிலிருந்து காரைக்குடி போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்தத் தூரம்தான் உங்கள் கேள்வியின் மையம். மற்ற துறைமுகங்களைப் பாருங்கள். நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரே கோட்டை, பத்து நிமிட நடையில் ஊரின் நடுப்பகுதி. ஜெனோவாவில் பழைய நகரம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. பால்மாவின் பேராலயத்துக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம். மார்செயில் பழைய துறைமுகப் பகுதி வரை பஸ் வசதி உண்டு. அங்கெல்லாம் டூர் வாங்கினால் நீங்களே நடந்து பார்க்கக்கூடியதற்குக் காசு கொடுக்கிறீர்கள். ஐந்து ஊரிலும் ஆளுக்கு அறுபது எழுபது யூரோ என்று சிதறவிடும் குடும்பங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். திரும்பி வந்து கணக்குப் போட்டால் பணம் போயிருக்கும், எந்த ஊரையும் நிம்மதியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் நாலு ஊரில் கையை இறுக்கிப் பிடித்து, ரோமில் மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள்.

இப்போது கணக்கு. எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். பணம் மாற்றும்போது சற்றுக் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா நால்வருக்கு 880 யூரோ. நுழைவுச் சீட்டும் கைடும் பொதுவாக அதிலேயே அடக்கம். உங்கள் சீட்டில் எழுதியிருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். தனி வேன் 640, கைடு 210, வாட்டிகன் அருங்காட்சியகச் சீட்டு முன்பதிவுக் கட்டணத்தோடு ஆளுக்குச் சுமார் 25 என்றால் 100. ஆக 950. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 70 யூரோ, அதாவது 7,000 ரூபாய். அத்தானிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். வேன் என்றதும் ஆடம்பரமாகத் தெரிகிறது. ஆனால் வேனுக்கு ஆள் கணக்கு கிடையாது, வண்டிக் கணக்குதான். நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

ரயிலோடு ஒப்பிட்டால் நிலைமை வேறு. ரயில் போகவர ஆளுக்கு 15 யூரோவைத் தாண்டாது. வாட்டிகன் சீட்டு, ஊருக்குள் டாக்ஸி எல்லாம் சேர்த்தாலும் நால்வருக்கு 220 யூரோவில் முடித்துவிடலாம். 73,000 ரூபாய் மிச்சம். அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முழங்கால் நன்றாக இருக்கும் நாற்பது வயதுத் தம்பதி கேட்டிருந்தால் ரயிலைத்தான் சொல்வேன். ஆனால் அக்காவை வைத்து அந்த வழியை நடந்து பாருங்கள். கப்பலிலிருந்து துறைமுக பஸ், அது விடும் இடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடை அல்லது இன்னொரு பஸ், பிளாட்பாரத்தில் காத்திருப்பு, ரயிலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், வாட்டிகனுக்குப் பக்கத்தில் உள்ள சான் பியெத்ரோ ஸ்டேஷனில் இறங்கி மறுபடி கால் மணி நேர நடை. வாட்டிகனுக்குள் கால் வைக்கும் முன்பே அன்றைய தெம்பில் பாதி போய்விடும். அப்புறம் அருங்காட்சியகத்துக்குள் சிஸ்டைன் தேவாலயம் வரை ஒரு நீண்ட நடை காத்திருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை இதே மாதிரிக் கப்பலில் கூட்டிப்போனேன். லிவோர்னோ துறைமுகத்திலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ரயில்தான் சிக்கனம் என்று முடிவு செய்தது நான்தான். பஸ் மாறி, ரயில் ஏறி, ஊருக்குள் நடந்து போவதற்குள் அம்மா ஒரு தேவாலயப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா" என்றார். நாங்கள் டேவிட் சிலையைப் பார்த்துவிட்டு வந்தபோதும் அதே படியில்தான் இருந்தார். அன்று எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அந்தப் படி நினைவிருக்கிறது. உங்கள் அக்காவுக்கு அப்படி ஒரு பகல் அமைய வேண்டாம்.

கப்பல் சுற்றுலாவுக்கும் வேனுக்கும் நடுவே உண்மையான வித்தியாசம் 7,000 ரூபாயைவிடப் பெரிய இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று வேகம். ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் போனால் கழிப்பறைக்கும் தலையெண்ணிக்கைக்குமே நேரம் கரையும். கூட்டத்தின் நடைக்கு அக்காவால் ஈடு கொடுக்க முடியாது. வேன் என்றால் முடிந்தவரை வாசலருகிலேயே இறக்கி ஏற்றுவார்கள். இரண்டாவது, கப்பலைத் தவறவிடும் ஆபத்து. கப்பல் தன் சொந்தச் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் வேன் நெரிசலில் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது.

அந்த ஆபத்துக்கும் விலை போட்டுப் பார்த்துவிடலாம். அடுத்த துறைமுகம் நேப்பிள்ஸ். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். இரவு இரண்டு அறை, காலையில் நாலு ரயில் டிக்கெட். 45,000 முதல் 50,000 ரூபாய் வரை கைவிட்டுப் போகும். வலிக்கும், ஆனால் குடும்பம் கவிழாது. வழியெல்லாம் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளாக இருப்பதால் விசாச் சிக்கலும் வராது. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டில் 30,000 யூரோ என்று போட்டிருப்பது மருத்துவச் செலவுக்கானது. கப்பலைத் தவறவிட்டதற்கு அது பணம் தரும் என்று நம்பி இருக்காதீர்கள். நேரத்தை இறுக்கிப் பிடிப்பதுதான் இதற்கு உண்மையான காப்பீடு. 6.30-க்குப் புறப்படும் கப்பலில் 5.30-க்குள் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.30-க்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். அதனால் 3 மணிக்கு ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். காலை 8-க்கு வேன் ஏறினால் 9.30-க்கு ரோம். கையில் ஐந்தரை மணி நேரம் இருக்கும், அது போதும்.

உங்கள் தேதி புதன்கிழமை என்பதைக் கவனித்தீர்களா? போப் ரோமில் இருக்கும் புதன்கிழமைகளில் காலையில் புனித பேதுரு சதுக்கத்தில் பொதுச் சந்திப்பு நடக்கும். அந்த நேரம் அங்குள்ள பேராலயமான பசிலிக்காவுக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். வேன் நிறுவனத்துக்கு எழுதும்போது, "புதன்கிழமை வருகிறோம், காலையில் முதலில் பசிலிக்கா பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்று உடனே ஒத்துக்கொள்பவரை விட்டுவிடுங்கள். காலையில் கொலோசியம் பக்கம், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், மதியம் வாட்டிகன் என்று மாற்றிச் சொல்பவர் தொழில் தெரிந்தவர். கொலோசியத்தை வெளியிலிருந்தே பாருங்கள் என்பது என் யோசனை. உள்ளே போனால் ஒன்றரை மணி நேரமும் அக்காவின் காலும் செலவாகும்.

வேனுக்கும் கைடுக்கும் ஏன் தனித்தனியாகப் பணம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இத்தாலியில் கைடு வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். டிரைவர் வண்டிக்குள் ஊரைப் பற்றிப் பேசலாம், சின்னங்களுக்குள் கூடவே வந்து விளக்க முடியாது. "டிரைவரே எல்லாம் காட்டுவார், கைடு வேண்டாம்" என்றால் வாசல் வரைதான் காட்டுவார் என்று பொருள். வாட்டிகனுக்கு மட்டும் கைடு போதும். சுங்கம், பார்க்கிங், வரி எல்லாம் 640-க்குள் அடக்கமா, பத்து மணி நேரத்தைத் தாண்டினால் என்ன கட்டணம், வானிலையால் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே வராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். கப்பல் சுற்றுலா என்றால் பணம் தானாகத் திரும்பிவிடும். தனியாரிடம் எழுதி வாங்கியிருந்தால்தான் கிடைக்கும்.

முழுப் பணத்தையும் முன்கூட்டி யாருடைய வங்கிக் கணக்குக்கும் அனுப்பாதீர்கள். சிறு முன்பணம் கிரெடிட் கார்டில், மீதி பயணம் முடிந்த பிறகு என்பதற்குப் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். இந்தியக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 64,000 ரூபாய்க்கு அது சுமார் 2,640 ரூபாய். அதனால் மீதித் தொகையை யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் அல்லது யூரோ ரொக்கத்தில் கொடுங்கள். எந்தக் கடையிலாவது மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலை உங்கள் தலையில் விழும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். இங்குள்ள ஏஜென்டிடம் டூர் பேக்கேஜாக வாங்கியதற்கு டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்திருந்தால் அது தொலைந்த பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா பார்த்து, வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

இனி யார் கொடுப்பது என்ற விஷயம். முழுதும் நானே என்ற உங்கள் மனதை மதிக்கிறேன். ஆனால் 95,000 ரூபாய் போனால் உங்கள் 1,20,000-இல் 25,000தான் மிஞ்சும். கப்பலில் ஆளுக்கு ஒரு இரவுக்குப் பத்து யூரோவுக்கு மேல் சேவைக் கட்டணம் போடுவது வழக்கம். உங்கள் பில்லில் அது ஏற்கனவே சேரவில்லை என்றால் இருவருக்கும் ஏழு இரவுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் அதுவே ஆகும். அப்புறம்தான் எஃப்டி நினைப்பு வருகிறது. அதனால் வேன் உங்களுடையது, 64,000. கைடும் நுழைவுச் சீட்டும் அத்தானுடையது, 31,000. உங்களிடம் 56,000 இருக்கும். சேவைக் கட்டணம் போக 40,000 அளவில் மற்ற நாலு ஊருக்கும் தாராளம். அத்தானுக்கும் மச்சான் காசில் ஊர் பார்த்தோம் என்ற கூச்சம் இராது. ரயிலே போதும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதில் அந்தக் கூச்சமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. "வண்டி என் பொறுப்பு, வாட்டிகன் உங்க பொறுப்பு அத்தான்" என்று சொல்லிப் பாருங்கள்.

வாட்டிகன் சீட்டுக்குப் பெயர் கொடுக்கும்போது நாலு பாஸ்போர்ட்டையும் எதிரே வைத்துக்கொண்டு எழுதுங்கள். நம் இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் எப்படி விரித்துப் போட்டிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடைதான் உள்ளே அனுமதி. புடவைக்குத் தடையில்லை, அத்தான் அரைக்கால் சட்டை போட வேண்டாம். பாஸ்போர்ட் நகல், அன்றைய இரவுக்கும் மறுநாளுக்குமான மாத்திரை, கப்பலின் தினசரித் தாளில் அச்சடித்திருக்கும் துறைமுக ஏஜென்டின் தொலைபேசி எண் மூன்றும் அக்காவின் கைப்பையில் இருக்கட்டும். சொன்ன இடத்தில் 8.20 வரை வேன் வராவிட்டால் டிரைவரை அழையுங்கள், 8.40-க்கும் ஆள் இல்லை என்றால் துறைமுக பஸ்ஸைப் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், அத்தான் சொன்ன ரயிலிலேயே வாட்டிகனை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.