சாமி இல்லை என்கிறோம், பிள்ளைக்குச் சாமி பெயர் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். எனக்கும் கணவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. பெண் பிறந்தால் 'அபிராமி' என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறேன். அது என் பாட்டியின் பெயர். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, என் சிலேட்டில்தான் தன் பெயரை எழுதப் பழகினார். கணவருக்கும் பெயர் பிடித்திருக்கிறது. ஆனால் நெருங்கிய தோழி ஒருத்தி, "ஊருக்கெல்லாம் சாமி இல்லை என்பீர்கள், பிள்ளைக்கு மட்டும் சாமி பெயரா? இது போலித்தனம்" என்கிறாள். மாமியாரோ, "எப்படியோ வழிக்கு வந்துவிட்டாய்" என்று பூரித்துப்போகிறார். இரண்டு பேர் சொல்வதும் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக வையுங்கள். உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு சொல்லை வாயில் எடுக்கும் முன் யோசிக்கிறவர்களுக்குத்தான் அப்படி உறுத்தும்.

தோழி சொன்னதை முதலில் பார்ப்போம். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிக்கொண்டால் அது போலித்தனம். நீங்கள் யாரிடமும் பக்தியைக் காட்டவில்லை. பாட்டி மேல் உள்ள பாசத்தைக் காட்டுகிறீர்கள், அது நிஜமாகவே இருக்கிறது. அப்புறம் எங்கே வந்தது போலித்தனம்?

பெரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்கக் கடவுள் மறுப்புப் பேசியவர், ராமனைக் கடுமையாக விமர்சித்தவர். தன் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் தூக்கிப் போட்டார். ராமசாமியை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டார். எதை விட வேண்டும், எதை விடத் தேவையில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதே இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் மாற்றிக்கொண்டதும் மனப்பூர்வமாகத்தான். ஒரே கொள்கைக்காரர்கள் இந்த விஷயத்தில் இரண்டு வழியில் போயிருக்கிறார்கள், இரண்டு பக்கத்தையும் யாரும் போலி என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமாக ஒருவர் இருக்கிறார். வானியற்பியலுக்காக 1983-இல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர். தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பெயரில் முருகனும் இருக்கிறார், பிறையைத் தலையில் சூடிய சிவனும் இருக்கிறார். சந்திரசேகர் என்பது அவருடைய தாத்தாவின் பெயர். 1999-இல் விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் நினைவாகத்தான் 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்த பெயர் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கிற எத்தனை பேருக்குச் சிவன் ஞாபகம் வரும்?

மதங்களே இதில் ரொம்பக் கறாராக இருந்ததில்லை. பைபிளில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், முதல் வசனத்திலேயே பெபேயாள் என்ற பெண் வருவார். ஆங்கிலத்தில் ஃபீபி என்கிறோமே, அதே பெயர். கிரேக்கர்கள் ஆர்ட்டெமிஸ் என்ற தெய்வத்துக்குச் சூட்டிய அடைமொழி அது. அதே அதிகாரத்தில் ஹெர்மஸ் என்ற கிரேக்கக் கடவுளின் பெயரோடும் ஒருவர் இருக்கிறார். பழைய தெய்வங்களை விட்டுவிட்டுக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள், அம்மா அப்பா கூப்பிட்ட பெயரை விடவில்லை. மார்ட்டின் என்ற பெயருக்குள் ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸ் இருக்கிறார். டென்னிஸ் என்ற ஆள் பெயருக்குள் டயோனிசஸ் என்ற கிரேக்கக் கடவுள் இருக்கிறார். கூப்பிடுகிறவர்கள் யாரும் அதை நினைத்துக் கூப்பிடுவதில்லை.

இனி உங்கள் அபிராமி. 'அபிராமம்' என்றால் அழகு, மனத்துக்கு இனிமை. அம்மனுக்குப் பெயராக வந்ததே அந்தப் பொருளை வைத்துத்தான். ரோகிணியும் கார்த்திகாவும் வானத்தைப் பார்த்தால் நட்சத்திரங்கள். மாதவி ஒரு கொடி, கமலா தாமரை. இந்தச் சொற்கள் கோயிலுக்குள்ளும் இருக்கின்றன, வெளியிலும் இருக்கின்றன. வெளியில் நிற்கிறவர்களுக்கும் அவற்றில் பாத்தியதை உண்டு.

ஆனால் எல்லாப் பெயருக்கும் இப்படிச் சரி என்று சொல்லிவிட மாட்டேன். சில பெயர்கள் வெறும் பெயராக இல்லாமல் ஒரு வாக்கியமாகவே இருக்கும். இயேசுதாஸ், அப்துல்லா, சிவதாசன் மூன்றும் 'நான் இறைவனின் அடியான்' என்று சொல்பவை. நம்புகிறவர்கள் வைக்கும்போது அவற்றுக்கு ஓர் அழகு உண்டு. நம்பாத பெற்றோர் வைத்தால், தாங்கள் சொல்லத் துணியாத வார்த்தையைக் குழந்தையின் வாயில் வைத்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் அப்படி ஒரு பெயரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு படிக்கிற மற்றவர்களுக்காக. உங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மதத்திலிருந்து, காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெயரை எடுக்காதீர்கள். பெயரைப் பார்த்தே மதத்தை முடிவு செய்கிறவர்கள் நிறைய. வாழ்த்து வரும், விலக்கமும் வரும், இரண்டையும் வாங்கிக்கொள்ளப்போவது குழந்தைதான். அந்த மதத்தில் பிறந்த ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசி, அவர்களுக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். மரியம் மாதிரி யூதர்களிடம் மிரியாமாகவும் கிறிஸ்தவர்களிடம் மேரியாகவும் இருக்கிற பெயர் என்றால் அது வேறு விஷயம், அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் உண்டு.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சந்தோஷப்படட்டும், அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சந்தோஷத்தை நீங்கள் கொடுத்த வாக்குறுதியாக அவர் எடுத்துக்கொள்ள விடாதீர்கள். குழந்தை பிறக்கும் முன்பே, ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, இது எங்கள் பாட்டி பெயர். அவர் ஞாபகமாகத்தான் வைக்கிறோம். சாமி விஷயத்தில் நாங்கள் மாறவில்லை. நீங்கள் கூப்பிடும்போது உங்களுக்கு அம்மன் ஞாபகம் வந்தால் அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். இன்றைக்குக் கொஞ்சம் முகம் வாடினாலும் பரவாயில்லை. சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒவ்வொரு விசேஷத்துக்கும் பெயரைக் காட்டி உரிமை கேட்பார், அப்போது மறுப்பது இன்னும் கஷ்டம்.

என் சொந்தக் கதை ஒன்று. என் பெயரும் ஓர் அம்மன் பெயர்தான். அப்பா கோயில் பக்கம் ஒதுங்காதவர். பள்ளியில், "உங்க அப்பாதான் சாமி கும்பிட மாட்டாரே, அப்புறம் ஏன் உனக்கு இந்தப் பெயர்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் ஏனோ கூச்சம். அவர் போன பிறகு, ஒரு சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தாராம், பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவர், அவர் பெயராம் இது. அன்று முழுவதும் என் பெயரை நானே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னை ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் யாரைக் கூப்பிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் இருக்கும்போதே தெரிந்திருக்கலாம்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உங்கள் மகளும் நிச்சயம் கேட்பாள், ஏன் எனக்கு இந்தப் பெயர் என்று. எனக்கு எழுதிய கடிதத்தில் பாட்டியைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. அவளுக்காக நான்கு பக்கம் எழுதி, தேதி போட்டு எடுத்து வையுங்கள். அந்தச் சிலேட்டைப் பற்றி எழுதுங்கள். முதல்முறை பெயரை முழுசாக எழுதியபோது பாட்டி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எந்த எழுத்து அவருக்கு வராமல் இருந்தது, எத்தனை நாள் அழித்து அழித்து எழுதினார் என்பதையும் விடாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதையும் கடிதத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.