நித்தியகல்யாணி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று கணினி ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாமே, நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நித்தியகல்யாணியில் இருக்கும் ஒரு வேதிப்பொருள், சர்க்கரை நோய்க்குச் சம்பந்தப்பட்ட புரதத்தோடு "மெட்ஃபார்மினைவிட வலுவாக" ஒட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். மெட்ஃபார்மின் என்பது சர்க்கரை நோய்க்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை. யாருக்காகக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. அப்பாவுக்காகவோ மாமியாருக்காகவோ இருக்கும் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். அநேகமாக மாத்திரை ஏற்கெனவே அலமாரிக்குள் போய், காலையில் வெறும் வயிற்றில் பூவை மெல்லுவது தொடங்கியிருக்கும். அதனால்தான் இதைத் தள்ளிப்போடாமல் இன்றே எழுதுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். படிப்பு முடிந்ததும் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். இந்த மாதிரிச் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் வேலையை என் கையாலேயே செய்திருக்கிறேன். அதற்கு டாக்கிங் என்று பெயர்.

வேலை இப்படி நடக்கும். நோய்க்குச் சம்பந்தப்பட்ட புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைப் புரோட்டீன் டேட்டா பேங்கில் இருந்து இறக்கிக்கொள்வோம். 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கிய களஞ்சியம் அது, இன்று இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. மூலிகைப் பக்கத்துக்குச் சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தார் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளம் உண்டு. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகள், அவற்றில் இருந்து 17,967 வேதிப்பொருட்கள். எவ்வளவு பெரிய உழைப்பு என்று அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஆட்டோடாக் வினா மாதிரி ஒரு மென்பொருள், அதுவும் இலவசம். புரதத்தில் மருந்து போய் உட்காரக்கூடிய பள்ளத்தைச் சுற்றித் திரையில் ஒரு பெட்டி போடுவோம். மூலக்கூறை அந்தப் பெட்டிக்குள் விட்டால், மென்பொருள் அதைத் திருப்பி, மடக்கி, எந்த நிலையில் நன்றாகப் பொருந்துகிறது என்று தேடும். கடைசியில் மைனஸ் 7.2, மைனஸ் 8.9 என்று ஒரு எண் வரும், அதுதான் ஸ்கோர். எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று கணக்கு. சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஒரு மூலக்கூறுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

உங்களுக்கு வந்த செய்தி சொல்லும் "நிரூபணம்" பெரும்பாலும் இந்த எண்தான். எந்த எலிக்கும் எந்த மனிதருக்கும் எதுவும் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மெட்ஃபார்மினைவிட வலுவாக" என்ற வரிதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. இந்த ஸ்கோருக்கு ஒரு குணம் உண்டு: மூலக்கூறில் அணுக்கள் கூடக் கூட அந்த மைனஸ் எண்ணும் இன்னும் கீழே போகும், அதாவது பிணைப்பு வலுவாகத் தெரியும். மெட்ஃபார்மின் மிகச் சின்ன மூலக்கூறு. ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டால் மொத்தமே ஒன்பது அணுக்கள். எந்தப் புரதத்தில் வைத்தாலும் அதற்குச் சொற்ப ஸ்கோர்தான் வரும். செடிகளில் இருக்கும் ஃப்ளேவனாய்டு என்ற வகைப் பெரிய மூலக்கூறு எதை எடுத்தாலும் அதைச் சுலபமாக ஜெயித்துவிடும். அதோடு, இந்த வகைக் கட்டுரைகளில் வழக்கமாக எடுக்கும் ஆல்பா குளுக்கோசிடேஸ், டிபிபி-4 போன்ற புரதங்களின் பள்ளத்தில் உட்கார்ந்து மெட்ஃபார்மின் வேலை செய்வதில்லை. அது முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது. போட்டியிலேயே இல்லாத ஒன்றைத் தோற்கடித்ததாகச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு மூலிகைதான். ஐரோப்பாவில் பழைய காலத்தில் இருந்து மருந்தாகப் பயன்பட்ட கலீகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு பொருள் இருந்தது, ஆனால் அதில் நச்சுத்தன்மை இருந்தது. அதே குடும்பத்தில் பாதுகாப்பான மூலக்கூறைத் தேடித்தான் மெட்ஃபார்மினுக்கு வந்தார்கள். 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அதனால் வீட்டில் "மூலிகை நல்லது, மாத்திரை கெமிக்கல்" என்று யாராவது வாதாடினால், அந்த மாத்திரையின் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி என் கதை. எங்கள் ப்ராஜெக்ட் டெங்கு பற்றியது. நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளின் வேதிப்பொருட்களையும் பட்டியல் எடுத்து, டெங்கு வைரஸ் பெருகுவதற்குத் தேவையான, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதியில் டாக் செய்ய வேண்டும். செய்தேன். எதிர்பார்த்தபடி குவெர்செடின் மாதிரியான ஃப்ளேவனாய்டுகள் பட்டியலில் மேலே வந்தன, ஸ்கோர் மைனஸ் எட்டுக்கும் கீழே போனது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடும் நல்ல இடத்தில் இருந்தது. துறையில் எல்லோருக்கும் சந்தோஷம். வண்ணப்படம் போட்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளைப் புள்ளிக்கோடாகக் காட்டி, கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார்கள்.

நான் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை கேட்டேன். மென்பொருளைச் சோதிக்காமல் முடிவை வெளியிடக் கூடாது என்பது எங்கள் துறையில் பால பாடம். டெங்குவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஆனால் அளவில் ஒத்த மூலக்கூறுகளை அதே பெட்டிக்குள் விட்டேன். கொலஸ்டிரால், விட்டமின், ஏதேதோ மாத்திரைகளில் இருப்பவை என்று கலந்து போட்டேன். அவற்றில் பலவும் மைனஸ் எட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அந்தப் பட்டியலை அச்செடுத்து எங்கள் மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "சரிப்பா, லேபுக்குப் போவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆய்வகத்தில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செய்திகளில் இந்தப் பகுதி வரவே வராது. ஒரு சின்னக் குழித்தட்டில் நொதியை ஊற்றி, அது வெட்டும்போது ஒளிரும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். நொதி வேலை செய்தால் திரையில் கோடு மேலே ஏறும். தடுக்கும் பொருள் இருந்தால் கோடு படுத்துவிடும். ஆண்ட்ரோகிராஃபோலைடு போட்ட குழியில் கோடு வழக்கம்போல ஏறியது. குவெர்செடின் போட்ட குழியில் கோடு படுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்களோடு இருந்த ஒரு சீனியர் அக்கா மட்டும் பேசாமல் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற திரவத்தைத் துளியூண்டு சேர்த்து மறுபடி ஓட்டினார். கோடு திரும்ப ஏறிவிட்டது. குவெர்செடின் மாதிரியான சில பொருட்கள் தண்ணீரில் தனித்தனியாக நிற்காமல் திரண்டு உருண்டையாகும். அந்தத் திரள் நொதியைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், அதனால் நொதி வேலையை நிறுத்தும். எந்த நொதியைப் போட்டாலும் பெரும்பாலும் இதுதான் நடக்கும். சோப்பு அந்தத் திரளைக் கலைத்ததும் குட்டு உடைந்தது. மருந்து வேதியியலாளர்கள் இப்படி ஏமாற்றும் பொருட்களுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். மஞ்சளின் குர்குமினும் அதில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "சித்த மருத்துவத்துக்கு எதிரி", "கார்ப்பரேட் கைக்கூலி" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நிலவேம்புக் குடிநீர் பயன் தராது என்று நான் சொல்லவில்லை. எங்கள் சோதனை ஒரு நொதியைப் பற்றியது. குடிநீர் என்பது ஒன்பது சரக்கைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வற்றவைப்பது, அதில் என்ன கரைகிறது, குடலில் என்ன மாறுகிறது என்பதெல்லாம் வேறு விஷயம். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையக்கூடச் செய்யாது. இதில் எதையும் டாக்கிங் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் இன்றும் அந்தக் கசாயம் கொதிக்கிறது. கணினி ஸ்கோரை வைத்து அதற்கு நற்சான்று கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. மருத்துவ, உயிரியல் துறைகளில் வேலைக்குச் சேரும் கம்ப்யூட்டர்காரர்களை "சிஸ்டம் தம்பி" என்று கூப்பிட்டு, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுக்கவும், ப்ரொஜெக்டர் ஒயரைச் சொருகவும், கல்லூரி விழாவுக்கு பேனர் டிசைன் செய்யவும் அனுப்புகிறார்கள். நானும் போனேன். கணக்கீடு முழுவதையும் ஓட்டியவன் பெயர் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் வரும், ஒரு நாளும் லேபுக்குள் வராதவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் வரும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராது, கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். துறைகள் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இதைச் சரி செய்யட்டும். நல்ல பிள்ளைகள் பலர் இதனாலேயே ஐடி கம்பெனிக்குப் போய்விட்டார்கள், கடைசியில் நானும் போனேன்.

சரி, நித்தியகல்யாணிக்கு வருகிறேன். இந்தச் செடியின் கதையே உங்கள் கேள்விக்குப் பதில். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். ஜமைக்காவில் மக்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரைக்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை சொல்லும்படியாக இறங்கவில்லை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் வேகமாகக் குறைந்தன. வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று அவர்கள் யோசித்ததில் வந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியில் இருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. நம் தென்மாவட்டங்களில் இலைக்கும் வேருக்குமாக இதைப் பயிரிட்டு அனுப்புகிறார்கள்.

அதாவது வாசலில் பூத்துக் கிடக்கும் இந்தச் செடியில் இருப்பது, செல் பிரிவதையே நிறுத்தக்கூடிய சரக்கு. வின்கிரிஸ்டினை ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்கு பார்த்து இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள், அப்போதும் நரம்பு பாதித்துக் கை கால் மரத்துப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பூவில் எவ்வளவு இருக்கும், ஐந்து இலையில் எவ்வளவு இருக்கும் என்று அளந்து தர வீட்டில் யாரும் இல்லை. சர்க்கரை நோயால் ஏற்கெனவே நரம்பு பாதித்தவர்களுக்கு இது தேவையில்லாத ஆபத்து.

மூலிகையைச் சோதிக்க நம் ஊரில் நல்ல முன்மாதிரி இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் காணாமல் போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. அப்புறம் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதை வைத்து அந்த ஆய்வை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்ன கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் கேட்டது என்று அச்சில் போட்டதால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது. டாக்கிங் ஸ்கோரை வைத்து "நிரூபணம்" என்று எழுதுகிறவர்கள் யாரையும் சரிபார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போவதில்லை.

கணினியே வீண் என்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் கொரோனாவுக்குக் கொண்டுவந்த என்சிட்ரெல்விர், கணினியில் மூலக்கூறுகளைச் சலித்ததில் தொடங்கியது. ஆனால் சலித்ததை நொதியோடு வைத்துச் சோதித்தார்கள், மூலக்கூறைத் திருத்தினார்கள், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2022 நவம்பரில் அவசர அனுமதி கிடைத்தது. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024 வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள், அதற்கு முழுத் தகுதியும் உண்டு. புரதம் பூட்டு, மருந்து சாவி என்றால், அது பூட்டின் வடிவத்தைக் காட்டும். எந்தச் சாவி உடம்புக்குள் போய்ச் சேரும், போகிற வழியில் எதைக் கெடுக்கும் என்பதற்கு இன்னும் எலியும் மனிதரும்தான் தேவை. "ஏஐ கண்டுபிடித்த மூலிகை" என்று அடுத்து வரப்போகும் ஃபார்வர்டுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் மாத்திரையை நிறுத்தியிருந்தால் திட்டாதீர்கள், திட்டினால் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை ஒன்றை எடுத்து, பழைய ரிப்போர்ட்டோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது என்ன செடி, எந்தப் பகுதி, எத்தனை நாளாக என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சிறுகுறிஞ்சான், வெந்தயம் எல்லாம் சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கூட்டிப்போய், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள். நித்தியகல்யாணியை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.