முயல் வளர்க்கக் கூண்டும் கேரட்டும் போதுமா?

மகள் ஆசைப்படுகிறாள் என்பதால் ஒரு முயல் வாங்கப் போவதாகவும், ஒரு கூண்டும் தினமும் கொஞ்சம் கேரட்டும் இருந்தால் சமாளித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அது மிக நல்லது. நான் முயல் வளர்க்கிறேன். முயலைப் பார்த்துக்கொள்வதில் பெரும்பகுதி அதன் வயிற்றைப் பார்த்துக்கொள்வதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முயலுக்குச் சாப்பாடு என்றால் காய்ந்த புல். ராத்திரி பகல் எந்நேரமும் அது தீராமல் இருக்க வேண்டும். வைக்கோல் கீழே பரப்ப ஆகும், புல்லுக்குப் பதிலாக ஆகாது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழித்துவிடும். குடலுக்கும் அந்த நார்தான் வேண்டும். நார் குறைந்தால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இதில் பெரிய சிக்கல், அது நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. இரையாகும் விலங்கு அல்லவா, சோர்வைக் காட்டினால் பிடிபட்டுவிடும் என்பது அதன் இயல்பிலேயே ஊறியது. அதனால் முயலின் முகத்தைவிடப் புழுக்கையைப் பார்க்கப் பழகுங்கள். நான் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். நன்றாக இருக்கும் முயலின் புழுக்கை உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், நிறைய இருக்கும். விரலால் நசுக்கினால் மரத்தூள் போல உதிரும், உள்ளே புல்லின் நார் தெரியும். சிறுத்துக் கறுத்துப் போனாலோ, எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலோ வயிற்றில் ஏதோ சரியில்லை. ஒன்றோடொன்று முடியால் கோத்த மாதிரி வந்தால் முடி உதிர்க்கும் நேரம். தினமும் சீவிவிடுங்கள், புல் இன்னும் நன்றாகச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு: மெத்தென்று, பளபளப்பாக, கொத்துக் கொத்தாக. அதை முயல் குனிந்து நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். பதறித் தடுக்காதீர்கள். முதல் முறை செரித்ததில் கிடைக்காத சத்தை அது இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. தின்னாமல் தரையில் விட்டுவைத்தால் கடையில் வாங்கும் தீவன உருண்டையோ இனிப்போ அதிகமாகிவிட்டது, அல்லது உடம்பு பருத்துக் குனிய முடியவில்லை என்று யோசிக்கலாம்.

எங்கள் முயல் ஒரு ராத்திரி, அதற்கு மிகப் பிடித்த கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தது. தடவும்போது பல் லேசாக உரசினால் அது சுகம். இப்படிச் சத்தமாகக் கடித்தால் வலி. உடனே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். வலிக்கு மருந்தும் உடம்புக்கு நீரும் ஏற்றினார். மறுநாள் நாலு புழுக்கை போட்டபோது வீடே கொண்டாடியது. 10, 12 மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, கேரட். அதில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். கேரட்டின் இலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். கொத்தமல்லி, புதினா மாதிரிக் கீரைகளை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். தீவன உருண்டை, வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்கு மேல் வேண்டாம். வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட், உருளை மற்றும் தக்காளிச் செடியின் இலை எதுவும் கூடாது.

கூண்டு ஒதுங்கிப் படுக்க மட்டும்தான். தினமும் சில மணி நேரமாவது வெளியே ஓட விட வேண்டும். சந்தோஷம் வந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே எகிறி, காற்றில் உடம்பை முறுக்கிக்கொண்டு குதிக்கும். உங்கள் மகள் பார்க்க வேண்டியது அதைத்தான். விடுவதற்கு முன் மின்வயர்களை எல்லாம் மறைத்துவிடுங்கள், கண்டிப்பாகக் கடிக்கும். கம்பி வலைத் தரை வேண்டாம். முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் முடிதான், புண்ணாகிவிடும். கழிப்பதற்கென்று ஒரு தட்டில் புல்லைப் பரப்பி, அதன் ஒரு ஓரத்தில் தின்பதற்கான புல்லை வையுங்கள். தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் அதற்கு உண்டு, சீக்கிரம் அங்கேயே போகப் பழகிவிடும். அப்புறம், குளிப்பாட்டவே கூடாது, அந்தப் பயமே அதை வீழ்த்திவிடலாம்.

வெயில் இன்னொரு எதிரி. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 28, 30 டிகிரி தாண்டினால் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: முயலைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், தரையில் உட்கார்ந்து அதுவாக வரட்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பின்கால் தாங்கலில்லாமல் தொங்கினால் உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம்.

முடிந்தால் ஜோடியாக வளருங்கள், தனியாக இருந்தால் ஏங்கும். ஆனால் கருத்தடை செய்யாமல் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்காதீர்கள்; சுமார் 31 நாளில் குட்டி போட்டு, அன்றைக்கே மறுபடி சினையாகிவிடலாம். பெண் முயலைத் தனியாக வைத்திருந்தாலும் கருத்தடை நல்லது, வயதாக ஆகக் கருப்பையில் புற்றுநோய் வருவது அவற்றில் மிகச் சகஜம்.

இதற்கெல்லாம் முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் வேண்டும். வாங்குவதற்கு முன்பே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமாகத் தரும் மருந்து சில முயலுக்கு விஷம்: உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் ஒன்று, வாய்வழி தரும் அமாக்சிசிலின் மாதிரியான பென்சிலின் வகை இன்னொன்று. வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.